மாமாவின் ஜூனோ-106 கரகரக்கிறது. திறக்கலாமா, விடலாமா?

மானிப்பாய்_சின்னவன்:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா கப்பலில் வேலை செய்தவர். 80-களின் நடுவில் யோகோகாமாவில் இறங்கியபோது வாங்கி வந்த றோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் கீபோட் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அந்த நாளில் கோயில் திருவிழா மேடைகளில் கொஞ்சக் காலம் வாசித்திருக்கிறார், பிறகு நாட்டு நிலைமையில் எல்லாம் நின்றுபோனது. 95 இடப்பெயர்வுக்கு முதலே வடமராட்சியில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தபடியால்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு பொலித்தீன் சுற்றி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

போன கிழமை கொழும்பில் இருந்து வந்த மச்சான் வோல்ற்றைக் குறைக்கிற ஒரு ஸ்ரெப்டவுன் ரான்ஸ்போமரில் கொடுத்துப் போட்டுப் பார்த்தார். லைற் எல்லாம் எரிகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் வாசித்துக்கொண்டு போகும்போது இடையிடையே ஒரு சுரம் மட்டும் கரகரவென்று வருகிறது, சில நேரம் தட்டில் (கீயில்) இருந்து கையை எடுத்த பிறகும் மெல்ல இழுத்துக்கொண்டே கிடக்கிறது. எந்தத் தட்டு என்று பிடிக்க முடியவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வருகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "மெயின் போர்ட் போயிற்று, வைத்துவிட்டுப் போங்கோ" என்றார்கள். அந்தப் பதில் பிடிக்காமல் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் மல்ரிமீற்றர் ஒன்றும் சாதாரண 40 வாட் சோல்டரிங் அயனும் இருக்கின்றன. சின்னச் சின்ன சேர்க்கிட் செய்து பழக்கம் உண்டு. திறக்கலாமா?

கோண்டாவில்_கீஸ்:

106-ஆ! விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் எனக்குச் சொல்லு. பகிடி இல்லை.

பழைய_றேடியோகாரன்:

தம்பி, திறக்கிறதைப் பிறகு பார்ப்போம். முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லும். ஜப்பானில் கடையில் வாங்கிய சாமான் என்றால் 100 வோல்ற் என்றுதான் இருக்கும். 110 இல்லை, 100. அந்த ஸ்ரெப்டவுன் என்ன வோல்ற் தருகிறது என்றும் மீற்றரை ஏசியில் வைத்து அளந்து சொல்லும், சுவர் பிளக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து. பிளக்கில் அளக்கும்போது மீற்றர் வயரின் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா என்று ஒருக்கா பார்த்துவிட்டு அள. அதுவரை இனிப் போட வேண்டாம்.

மானிப்பாய்_சின்னவன்:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. தகட்டில் 100 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறது. சுவரில் 238. ஸ்ரெப்டவுனில் 110 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அளந்தால் 114 காட்டுகிறது. 14 வோல்ற் கூடினால் பெரிய பிரச்சினையா? மச்சான் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே.

பழைய_றேடியோகாரன்:

ஒருக்காப் போட்டதில் ஒன்றும் ஆகாது. இரண்டு மணித்தியாலம் வாசித்தால் ஆகும்.

கணக்கை இப்படிப் பாரும். உள்ளே ரான்ஸ்போமர் இறக்கித் தருகிற வோல்ற்றை நேராக்கிப் பெரிய கப்பாசிற்றரில் நிறுத்தி, அதில் இருந்து றெகுலேற்றர் (வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்துகிற உறுப்பு) 15 வோல்ற் எடுக்கும். உதாரணத்துக்கு கப்பாசிற்றரில் 22 வோல்ற் நிற்கிறது என்று வையும். றெகுலேற்றர் மிச்சம் 7 வோல்ற்றைச் சூடாக்கி வெளியே விடும். இப்போது உள்ளே போவது 14 வீதம் கூடினால் 22 என்பது 25 ஆகும், றெகுலேற்றர் 10 வோல்ற்றைத் தின்ன வேண்டும். வோல்ற் கூடியது 14 வீதம், றெகுலேற்றரின் சூடு கூடியது 40 வீதத்துக்கு மேல். அந்தக் கப்பாசிற்றரே 25 வோல்ற் கப்பாசிற்றர் என்றால் அது விளிம்பில் நிற்கிறது. நாற்பது வருடக் கப்பாசிற்றர். நம்முடைய ஊர் வெக்கை வேறு.

இன்னொரு விசயம். சந்தையில் வருகிற ஸ்ரெப்டவுனில் பாதிக்கு மேல் ஒற்றைச் சுற்றுத்தான், ஓட்டோ ரான்ஸ்போமர் என்பார்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கம்பி, தனிப்படுத்தல் கிடையாது. அதில் நியூட்ரல் பக்கத்துச் சுற்று எங்காவது அறுந்தால் வெளியே 110 இல்லை, முழு 230-உம் வந்து நிற்கும். மிக்சிக்கு அது போதும், மாமாவின் கீபோட்டுக்குப் போதாது. இணுவில் பக்கமோ சுன்னாகம் பக்கமோ தோட்டத்து நீரிறைக்கும் மோட்டருக்குச் சுற்றுகிற கடை எதற்காவது போய், 230-க்கு உள்ளே, 100-க்கு வெளியே, இரண்டு தனித்தனிச் சுற்று, 100 வீ.ஏ. என்று சொன்னால் சுற்றித் தருவார்கள். உள்ளே 240 என்று சொல்லிச் சுற்றினாலும் நல்லதுதான், உம்முடைய பிளக்கில் 238 தானே நிற்கிறது.

கரவெட்டிக்காரி:

ஐயா சொன்ன ரான்ஸ்போமர் வருவதற்குள் ஒரு சீரியல் பல்ப்பும் செய்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை லைவ் வயரில் தொடராகப் போட்டு, அதற்குப் பிறகு ஸ்ரெப்டவுனைக் கொடுக்க வேண்டும். எல்.ஈ.டி பல்ப் இதற்கு உதவாது, இழை பல்ப்தான் வேண்டும். உள்ளே எங்காவது சோர்ட் இருந்தால் பல்ப் முழுப் பிரகாசமாக எரியும், அவ்வளவுதான், கால் அம்பியருக்கு மேல் உள்ளே போக அது விடாது. எல்லாம் ஒழுங்கு என்றால் போட்டவுடன் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். மங்காமல் நின்றால் உடனே நிறுத்திவிடுங்கள். பல்ப்போடு இருக்கும்போது உள்ளே வோல்ற் குறைவாகத்தான் கிடைக்கும், ஆகவே அந்த நிலையில் அளந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வீட்டில் ட்றிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே விழுகிறது) வேலை செய்கிறதா என்று அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்தியும் பாருங்கள். ஆனால் தனிச்சுற்று ரான்ஸ்போமருக்குப் பின்னால் உங்களுக்கு ஷொக் அடித்தால் ட்றிப் சுவிட்ச் விழாது, அதை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது கோளாறு. இதைத் திறக்காமலே பாதி கண்டுபிடிக்கலாம். ஜூனோ-106 1984-இல் வந்தது, 61 தட்டு, ஆனால் உள்ளே குரல் ஆறுதான், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும். நீங்கள் தட்டை அழுத்தும்போது உள்ளே இருக்கிற கணனி அந்த ஆறில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது, அடுத்த தட்டுக்கு அடுத்த குரல், ஆறு முடிந்தால் திரும்ப ஒன்று. ஆகவே பழுது தட்டில் இருக்கிறதா குரலில் இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். பொலி 1 என்ற பொத்தானைப் போட்டுவிட்டு ஒரே ஸ்தாயியில் ச ரி க ம ப த நி என்று ஒவ்வொன்றாக, ஒன்றை விட்ட பிறகு மற்றதை, மெல்ல வாசியுங்கள். முடிந்ததும் நிறுத்தாமல் திரும்ப ச-வில் இருந்து. சுரம் ஏழு, குரல் ஆறு, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று விலகும். நாலாம் குரலில் பழுது என்றால் முதல் சுற்றில் ம கரகரக்கும், இரண்டாம் சுற்றில் க, மூன்றாம் சுற்றில் ரி, பிறகு ச. பழுது எல்லாச் சுற்றிலும் ஒரே சுரத்தில் நின்றால் அது தட்டின் கொன்ராக்ற், சுத்தம் செய்தால் போகும்.

கோண்டாவில்_கீஸ்:

அக்கா, இதைச் சங்கீத வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம் போல இருக்கிறது 😄

ரெஸ்ற் மோடும் இருக்கிறது சின்னவன். கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் போட்டால் அதற்குள் போகும். பிறகு தட்டை அழுத்தும்போது எந்தக் குரல் வாசிக்கிறது என்று டிஸ்பிளேயில் எண் வரும். அக்காவின் முறையில் ஒருக்காப் பார்த்துவிட்டு இதிலும் பார்த்து இரண்டும் பொருந்துகிறதா என்று சொல்லு.

அளவெட்டி_சுருதி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஒரு பழைய காசியோ சின்னக் கீபோட் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சுருதி பிடிக்கத்தான் பாவிப்பது. ஒரு சொந்தக்காரப் பொடியன் யமஹா அடப்டரைக் குத்தியதில் இருந்து சத்தமே இல்லை. இன்னொன்று, பற்றரிப் பெட்டிக்குள்ளே யாரோ நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து வயர் பிடித்து ரேப் சுற்றியிருக்கிறார்கள். அதைப் பிடுங்கி எறியலாமா?

பழைய_றேடியோகாரன்:

பிடுங்காதையும்! அது டைனமோ வயர். 90-இல் குடாநாட்டில் கரண்ட் நின்று, பற்றரிக்கும் தடை வந்த பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து அந்த டைனமோவில்தான் றேடியோ கேட்டோம். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட், அதுவும் ஏசி. நாலு டயோட்டில் நேராக்கிக் கப்பாசிற்றரில் போட்டால் 7 வோல்ற் மட்டில் நிற்கும், 7.5 வோல்ற் கேட்கிற காசியோவுக்கு அது காணும். வேகமாக மிதித்தால் ஏறும், அதைத் தடுக்கச் சிலர் செனர் ஒன்றும் வைப்பார்கள், ரேப்பைக் கழற்றினால் உம்முடையதிலும் இருக்கலாம். வடிவாகப் பார்த்து ஒரு தாளில் கீறி வைத்துக்கொண்டு பிறகு எடும். எந்த வயர் எங்கே போனது என்று தெரியாமல் பிடுங்கினால் பிறகு நானும் இல்லை நீரும் இல்லை.

அடப்டர் விசயம்: பழைய காசியோ பெரும்பாலானவற்றில் பிளக்கின் நடு முனை எதிர், வெளி வளையம் நேர். யமஹாவில் நேர்மாறு, நடு முனை நேர். வோல்ற்றும் வேறு. தலைகீழாகக் குத்தினால் உள்ளே பாதுகாப்புக்கு ஒரு டயோட் இருந்தால் அது சோர்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்கும். அடப்டர், பற்றரி எல்லாம் கழற்றிவிட்டு, மீற்றரை டயோட் நிலையில் வைத்து அடப்டர் குத்துகிற சொக்கற்றில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அளவும். இரண்டு பக்கமும் சுழியத்துக்குக் கிட்டக் காட்டினால் அந்த டயோட்தான் என்று நினைக்கலாம், ஒரு காலைக் கழற்றிவிட்டு அதைத் தனியே அளந்தால் உறுதியாகும். சில ரூபாய்ச் சாமான். அப்படி இல்லாவிட்டால் வேறு பதிவில் படம் போட்டு எழுதும், இது தம்பியின் பதிவு.

அளவெட்டி_சுருதி:

இரண்டு பக்கமும் சுழியம். நன்றி ஐயா, உயிர் இருக்கிறது போல.

மானிப்பாய்_சின்னவன்:

ரான்ஸ்போமர் சுற்றி எடுத்துவிட்டேன். வெளியே 101 காட்டுகிறது, சுமையோடு 99. சீரியல் பல்ப் போட்டவுடன் எரிந்து மங்கியது. பிறகு பல்ப்பை எடுத்துவிட்டுப் போட்டேன்.

ச ரி க ம சோதனை: முதல் சுற்றில் ம, பிறகு க, பிறகு ரி. அக்கா எழுதிய வரிசை அப்படியே வந்தது, வீட்டில் அம்மாவும் வந்து நின்று எண்ணினா. ரெஸ்ற் மோடிலும் 4 வரும்போதுதான் கரகரப்பு. அப்போது மெயின் போர்ட் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

கரவெட்டிக்காரி:

போகவில்லை. மற்ற ஐந்தும் ஒழுங்காக வாசிப்பது எப்படி, போர்ட் போயிருந்தால்?

இன்னும் ஒரு படி. பல்ஸ், சோ என்ற அலைப் பொத்தான் இரண்டையும் அணைத்துவிட்டு, சப், நொய்ஸ் ஸ்லைடர்களைக் கீழே இறக்கி விடுங்கள். இப்போது சத்தத்தை உருவாக்குகிற எதுவும் ஓடவில்லை. அந்த நிலையில் நாலாம் குரல் வரும்போது கரகரப்பு இன்னும் கேட்டால் பழுது அலையை உருவாக்கும் இடத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற ஃபில்ரர், சத்தக் கட்டுப்பாட்டுப் பகுதியில். 106-இல் அது இரண்டும் ஒரே கறுப்புத் துண்டுக்குள்ளே இருக்கின்றன, 80017ஏ என்று எழுதியிருக்கும், குரலுக்கு ஒன்றாக ஆறு. அலையை உருவாக்குவது எம்.சி 5534ஏ, அது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சாமான் வாங்கக்கூடாது.

மானிப்பாய்_சின்னவன்:

கேட்கிறது அக்கா. எல்லாம் அணைத்த பிறகும் நாலில் மட்டும் மெல்லிய கரகரப்பும் பொரிகிற சத்தமும்.

டொரொண்டோ_குளிர்:

80017ஏ. உலகம் முழுக்க 106 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வருகிற வருத்தம் இதுதான். உள்ளே சின்னச் சின்ன உறுப்புகளை வைத்து மேலே ஒரு கறுப்புப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள், வருடம் போகப் போக அந்தப் பூச்சே கரண்ட் கசிய விடுகிறது, கால்களுக்கு இடையில் கசிவு, அதுதான் கரகரப்பும் இழுவையும். வைக்கத் தெரியாத ஆளின் பிழை இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. இரண்டு வழி: அந்தச் சிப்பைக் கழற்றி அசிற்றோனில் ஊறவைத்துப் பூச்சை உரிக்கலாம், அல்லது இப்போது புதிதாகச் செய்து விற்கிற மாற்றுச் சிப் போடலாம். நான் ஆவணியில் ஊருக்கு வருகிறேன், வேண்டுமென்றால் மாற்றுச் சிப் கொண்டுவரலாம். ஒன்று போய்விட்டது என்றால் மற்ற ஐந்தும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் அர்த்தம், ஆறையும் மாற்றுவது நல்லது. அதோடு திறக்கிற நேரத்திலேயே கப்பாசிற்றர் எல்லாவற்றையும் மாற்றிவிடு.

பழைய_றேடியோகாரன்:

கப்பாசிற்றர் எல்லாவற்றையும் ஏன் மாற்ற வேண்டும்? எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தீர்? டொரொண்டோவில் நல்ல கப்பாசிற்றர் கடையில் வாங்கலாம். இங்கே கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் எது அசல் எது போலி என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல ஏலாது. ஜப்பானில் போட்டு நாற்பது வருடம் நின்றதைக் கழற்றிவிட்டுப் போன மாதம் வந்த போலியைப் பூட்டி, அதோடு இருபது இடத்தில் செப்புப் பாதையையும் உரித்துவிட்டு நிற்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். பவர் போர்டில் மட்டும் பாரும். மேல் பக்கம் உப்பியிருக்கிறதா, அடியில் கறை இருக்கிறதா. பிறகு +15, −15, +5 மூன்றையும் டிசியில் அளந்து, அதே இடத்தில் மீற்றரை ஏசியில் வைத்து அலைச்சல் (டிசியில் மிஞ்சி நிற்கிற ஏசி) எவ்வளவு என்று பாரும். சில மில்லி வோல்ற்றுக்குள் நின்றால் அந்தக் கப்பாசிற்றர் வேலை செய்கிறது, விடும்.

டொரொண்டோ_குளிர்:

ஐயா, ஒரு கப்பாசிற்றர் போய் மற்றதையும் கொண்டுபோகும் என்ற பயத்தில்தான் சொன்னேன். சரி, அளந்து பார்க்கட்டும். ஆனால் சிப் ஆறையும் மாற்றுவதில் நான் மாற மாட்டேன்.

பழைய_றேடியோகாரன்:

அதில் எனக்கும் சண்டை இல்லை.

மானிப்பாய்_சின்னவன்:

திறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கரவெட்டிக்காரி:

பிளக்கைக் கழற்றி, கழற்றிய பிளக்கை மேசைக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள், வீட்டில் யாராவது உதவி என்று குத்திவிடுவார்கள். ஸ்லைடர் தொப்பிகளைக் கழற்ற வேண்டியதில்லை, மேல் தட்டு முழுசாகத் தூக்கும், ஆனால் அதில் இருந்து கீழே வயர்கள் போகின்றன, பலத்துக்குத் தூக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். பெரிய கப்பாசிற்றர்களில் டிசி அளந்து ஒரு வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இறங்காவிட்டால் 1 கிலோ ஓம் 5 வாட் றெசிஸ்ரரை முதலை கிளிப்பில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். திருப்புளியால் சோர்ட் பண்ணுகிற பழக்கம் வேண்டாம், அதில் வருகிற பொறி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கரண்ட் போட்டபடி அளக்கும்போது கறுப்பு வயரைச் சட்டத்தில் கிளிப்பால் பிடித்துவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால். மற்றக் கை பின்னால். பவர் சுவிட்ச், பியூஸ், ரான்ஸ்போமர் உள்வரும் பக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தூசிக்கு மெல்லிய பெயின்ற் பிறஸ். கராஜ் கொம்பிறசரைக் கொண்டு ஊதவே வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். கழுவ வேண்டி வந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல், அது இல்லாவிட்டால் பற்றரிக்கு விடுகிற வடிநீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தலுக்குள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் போர்டிலும் படியும்.

மானிப்பாய்_சின்னவன்:

திறந்தாயிற்று. முதல் ஆச்சரியம்: மிடி சொக்கற் (வேறு கீபோட், கணனியோடு இணைக்கிறது) ஒன்றுக்குள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, பின் துளை எல்லாம் அடைத்து. பற்குச்சியால் மெல்ல மெல்ல உடைத்து எடுத்தேன். மற்றபடி உள்ளே நான் நினைத்ததைவிடச் சுத்தம்.

+15.02, −14.96, +5.01. ஏசியில் மூன்றிலும் 2, 3 மில்லி வோல்ற். கப்பாசிற்றர் எதுவும் உப்பவில்லை. ஐயா, நீங்கள் சொன்னபடி விட்டுவிட்டேன். மெமரிப் பற்றரி 2.4 வோல்ற் காட்டுகிறது, அது போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது. இதை உடனே மாற்றவா?

கோண்டாவில்_கீஸ்:

நில்லு! உள்ளே 128 சத்தம் இருக்கும், அதில் மாமா செய்து வைத்தது இருந்தால் பற்றரியைக் கழற்றினவுடன் போய்விடும். பின்பக்கம் ரேப் சேவ் சொக்கற் இருக்கிறது, அதில் இருந்து கணனிக்குள்ளே பதிந்து எடு, அந்தக் காலத்தில் கசெற்றில் பதிவதற்கு வைத்தது. டபிள்யு.ஏ.வி ஆகப் பதி, எம்.பி.3 ஆக்கினால் திரும்ப ஏறாமல் விடலாம். பதிந்த பிறகு வெரிஃபை கொடுத்துச் சரிபார். அப்புறம் பற்றரியைக் கழற்றி, சீ.ஆர் 2032 தாங்கி ஒன்றைப் பூட்டு, அடுத்த முறை கைக்கடிகாரக் கடையில் வாங்கிப் போடலாம். பற்றரியின் மேலேயே நேரே அயனை வைக்காதே, லித்தியம், வெடிக்கும்.

என்னுடைய யமஹா டிஎக்ஸ்7 கீபோட்டுக்கும் இதேதான் இப்போது வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். போட்டவுடன் டிஸ்பிளேயில் சத்தங்களின் பெயருக்குப் பதிலாக ஏதோ குப்பை எழுத்துகள், அழுத்தினால் கிறீச் என்கிறது.

கரவெட்டிக்காரி:

அதுவேதான். பற்றரியை மாற்றிவிட்டு 32 சத்தத்தையும் மிடி வழியாகத் திரும்ப ஏற்றுங்கள். கோப்பு சரியாக 4104 பைட் இருக்க வேண்டும், மெமரி புறொட்டெக்ற்றை அணைத்து, சிஸ்டம் தகவலைத் திறந்துவிட்டு அனுப்ப வேண்டும். ஏறாவிட்டால் டிஎக்ஸ்7-ஐச் சந்தேகப்பட முதல் உங்கள் யூஎஸ்பி மிடி வயரைச் சந்தேகப்படுங்கள், மலிவு வயர்கள் இவ்வளவு நீளத் தகவலை இடையில் விழுத்திவிடும்.

மானிப்பாய்_சின்னவன்:

மாமாவின் சத்தங்கள் பதிந்து எடுத்துவிட்டேன். பற்றரியும் மாற்றியாயிற்று. இனிச் சிப். ஆவணி வரை பொறுக்க மனம் இல்லை, நாலாவதை மட்டும் அசிற்றோனில் போட்டுப் பார்க்கலாமா? அசிற்றோன் எங்கே வாங்குவது, நகப்பூச்சு அழிக்கிறது சரிவருமா?

பழைய_றேடியோகாரன்:

நகப்பூச்சு அழிப்பதில் பலதில் அசிற்றோனே இல்லை, இருந்தாலும் எண்ணெய் கலந்திருக்கும். குருநகரில் ஃபைபர் படகு திருத்துகிற இடங்களில் கேளும், பிசின் கழுவுவதற்கு அவர்கள் வைத்திருப்பார்கள். கண்ணாடிப் போத்தலில், மூடி இறுக்கி, குசினியில் இருந்து தூரத்தில், வெளிக்காற்றில். பத்தி, அடுப்பு, சிகரெற் ஒன்றும் கிட்ட வரக்கூடாது. கீபோட்டின் தட்டிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு துளி பட்டாலும் உருகிவிடும், ஆகவே அந்த அறையிலேயே கீபோட் இருக்க வேண்டாம்.

அதைவிடக் கவனம் கழற்றுவதில். அந்த 40 வாட் அயனை உதில் வைக்காதையும், அது சூட்டைக் கட்டுப்படுத்தாது, பழைய போர்டில் பாதை உரிந்து வரும். சூடு வைக்கக்கூடிய அயன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி 330 பாகையில் வையும். கால்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொரு காலிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்கி, பிறகு ஈயம் உறிஞ்சியால் இழும். எல்லாக் காலும் தனித்தனியே அசைகிறதா என்று குத்தூசியால் மெல்லத் தட்டிப் பார்த்த பிறகுதான் சிப்பை இழுக்கிறது. ஒரு கால் அசையாவிட்டாலும் இழுக்கக்கூடாது, திரும்பப் புது ஈயம். கழற்றிய இடத்தில் நேரே ஒட்டாமல் சொக்கற் வையும், ஆவணியில் புதுச் சிப் வந்தால் ஈயம் இல்லாமலே மாற்றலாம்.

டொரொண்டோ_குளிர்:

இரண்டு மூன்று நாள் ஊறினால் பூச்சு மெதுத்து வரும், பல் பிறஸால் தட்டிவிடலாம். கத்தி, ஊசி கொண்டு சுரண்டாதே, உள்ளே இருப்பது நெல் மணியிலும் சின்ன உறுப்புகள், ஒன்று பெயர்ந்தால் முடிந்தது. சில சிப் உரித்தவுடன் உயிர் பெறும், சில பெறாது. பெற்றாலும் எவ்வளவு காலம் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. நாலாவது ஏற்கெனவே பழுது என்றபடியால் இழக்க ஒன்றும் இல்லை, மற்ற ஐந்தையும் அதற்காகக் கழற்றாதே.

மானிப்பாய்_சின்னவன்:

உயிர் வந்துவிட்டது!! உரித்து, அல்கஹோலில் கழுவி, காயவிட்டு, சொக்கற்றில் வைத்தேன். ச ரி க ம மூன்று சுற்று, ஒரு கரகரப்பும் இல்லை. கழற்ற முதல் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகிகளின் நிலையைப் படம் எடுத்து வைத்திருந்தேன், எதையும் தொடவில்லை. நாலாம் குரல் மட்டும் ஃபில்ரரின் ரெசனன்ஸ் ஸ்லைடரைக் கூட்டும்போது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறது.

கரவெட்டிக்காரி:

மிக நல்லது. பூச்சு போனால் அளவுகள் கொஞ்சம் விலகும், அதற்குத்தான் அந்தத் திருகிகள். ஆனால் இப்போது தொட வேண்டாம். ஆறு புதுச் சிப்பும் வந்த பிறகு ரெஸ்ற் மோடில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாகச் சீராக்கலாம், அரை மணித்தியாலம் போட்டுச் சூடேறவிட்ட பிறகு. வைக்கும்போது பொலித்தீன் சுற்றாதீர்கள், ஐப்பசி கார்த்திகை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பருத்தித் துணி போதும், சோளகப் புழுதிக்கும் அதுவே காணும். சொக்கற் துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், குளவி திரும்ப வரும்.

மானிப்பாய்_சின்னவன்:

கடைசியாக ஒன்று. சத்தத்தைத் தடிப்பாக்குகிற கோரஸ் பொத்தானைப் போட்டால் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் சூ என்று ஒரு இரைச்சல். கோரஸ் 2-இல் இன்னும் கூட. இதுவும் ஏதாவது சிப்பா?

கோண்டாவில்_கீஸ்:

அது பழுது இல்லையடா, 106 பிறந்ததே அப்படித்தான். உள்ளே எம்.என் 3009 என்று இரண்டு சிப் சத்தத்தைத் தாமதிக்கிறது, அந்த இரைச்சல் அதோடு சேர்ந்து வருவது. கோரஸை அணைத்தால் முழுசாக நின்றுவிடுகிறதா?

மானிப்பாய்_சின்னவன்:

நின்றுவிடுகிறது.

கோண்டாவில்_கீஸ்:

அப்போது மேல் தட்டை மூடித் திருகாணியைப் பூட்டு. விலை சொல்வதென்றால் இன்பொக்ஸில் சொல்லு.